வண்டியா, நானா

2007, சித்திரை பிறந்த மறுவாரம். ஆரணி கோர்ட்டில் வேலை முடித்த வக்கீல் அருணகிரியை ஏற்றிக்கொண்டு டிரைவர் ஆதிமூலம் திருவண்ணாமலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். போளூர் தாண்டிக் கொஞ்ச தூரம். மதியம் மூன்று மணி. ஓடிக்கொண்டிருந்த வண்டியில் எஞ்சின் சத்தம் திடீரென்று இல்லாமல் போனது. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. காற்றும் டயர் உருளும் ஓசையும் மட்டும்தான் கேட்டன.

ஸ்டியரிங் கல்லாக இறுகியது. பின்னால் கரும்பு லாரி ஒன்று ஹார்ன் அடித்தது. ஆதிமூலம் எப்படியோ வண்டியை இடது ஓரத்துப் புளியமரத்தடிக்குக் கொண்டுவந்துவிட்டார். நின்ற பிறகுதான் பார்த்தார், அவருடைய வலது கை சாவியைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தோம் என்று தெரியவில்லை. அந்த லாரி தன்னைத் தாண்டிப் போனதும் நினைவில் இல்லை. ஆனால் அது முன்னால் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது.

பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த வக்கீல் கண் விழித்தார். "ஏன்யா நிறுத்திட்ட?"

"நான் நிறுத்தல சார். அதுவா நின்னுடுச்சி."

ஆதிமூலம் இறங்கினார். எந்த டிரைவரும் நேராக பானெட்டைத்தான் திறப்பான். அவர் பக்கக் கண்ணாடியில் குனிந்து, வக்கீல் பார்க்காதபடி நாக்கை நீட்டிப் பார்த்தார். இரண்டு ஓரமும் பார்த்தார். ரத்தம் இல்லை, கடிபட்ட தடம் இல்லை. பிறகுதான் பானெட்டைத் திறந்தார். கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பியபோது வண்டி எதுவுமே நடக்காதது போலக் கிளம்பியது.

அவர் நாக்கைப் பார்த்ததற்குக் காரணம் உண்டு. ஆதிமூலம் திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலை ஊர்க்காரர். பதினைந்து வயதில் கிணற்று மோட்டார் போடப் போனவர் வரப்பில் விழுந்து கிடந்தார். விழித்தபோது வாய் முழுக்க ரத்தம், நாக்கு கிழிந்திருந்தது, யாரோ கையில் இரும்புச் சாவியைத் திணித்திருந்தார்கள். வலிப்பு. அடுத்த வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் இன்னொரு தடவை வந்தது. அவருடைய அம்மா பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நான்கு வருஷம் மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வரவே இல்லை. அம்மா போன பிறகு அதை அறிந்த ஆளும் இல்லை.

1989-ல் லைசென்ஸ் எடுக்கும்போது விண்ணப்பப் பாரத்தில் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருந்தது. இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதே வருஷம் ஜோதியம்மாளைக் கட்டிக்கொண்டார். அவளிடமும் சொல்லவில்லை. முதலில் பயம், பிறகு வெட்கம், அப்புறம் சொல்லாமலே இத்தனை வருஷம் ஓடிப்போனதே இன்னொரு பயமாகிவிட்டது. லாரி ஓட்டினார், வேலூருக்கு வேன் ஓட்டினார். வேங்கிக்காலில் புது வீடு கட்டிக் குடியேறிய வக்கீலிடம் ஆறு வருஷமாக இருந்தார். வண்டி 1999 மாடல். வக்கீல் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஆதிமூலம் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். நின்றது வண்டியா, நானா? அந்த ஒரு நொடியில் எனக்கு நினைவு தப்பி, நானே சாவியை அணைத்திருந்தால்? கை ஏன் சாவியில் இருந்தது? லாரி போனது ஏன் தெரியவில்லை?

யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

மெக்கானிக் பெட்ரோல் ஃபில்டரை மாற்றிக் கொடுத்தார். ஒன்பது நாள் ஒழுங்காக ஓடியது. பத்தாம் நாள் செங்கம் ரோட்டில் ஒரு டிராக்டரைத் தாண்டிக்கொண்டிருந்தார். எதிரே பஸ் தூரத்தில்தான் இருந்தது, தாராளமாகப் போய்விடலாம். பாதி தாண்டியபோது எஞ்சின் செத்தது.

டிராக்டருக்குப் பக்கத்திலேயே, ரோட்டின் தப்பான பாதியில், வண்டி வேகம் குறைந்து உருண்டது. முன்னால் பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஆதிமூலம் ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தார், ஒன்றும் இல்லை. டிராக்டர்காரன் பார்த்துவிட்டுத் தன் வண்டியைச் சட்டென்று பிடித்தான். அந்த இடைவெளியில் இறுகிய ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இழுத்து இடது பக்கம் நுழைந்தார். பஸ் டிரைவர் பிரேக் அடித்து, தலையை வெளியே நீட்டித் திட்டிவிட்டுப் போனார்.

வக்கீல் இந்தத் தடவை விழித்திருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தூங்கிட்டியாய்யா?"

"இல்ல சார்."

"உண்மையச் சொல்லு. கண்ணு சொருகிடுச்சா?"

ஆதிமூலத்தால் மறுபடி இல்லை என்று சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அது ஆமாமா இல்லையா என்று அவருக்கே தெரியாது.

மூன்று நாள் வக்கீல் தானே ஓட்டினார். காலையில் வீட்டிலிருந்து கோர்ட்டுக்கு, சாயங்காலம் கோர்ட்டிலிருந்து வீட்டுக்கு. ஒரு தடவையும் நிற்கவில்லை.

"நான் ஓட்டினா ஓடுது, நீ ஓட்டினா நிக்குது. இது என்னா கணக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் ஆதிமூலத்தை இன்னும் உலுக்கியது. "எதுக்கும் எலக்ட்ரிக் பாக்கற ஜானி பாஷாகிட்ட ஒரு தடவ காட்டிடு. வண்டி உன்கிட்டயே ரெண்டு நாள் இருக்கட்டும்."

ஜானி பாஷாவின் கடை போளூர் ரோட்டில் இருந்தது. அப்பா காலத்தில் லாரிகளுக்கு டைனமோ கட்டிய கடை. இவர் கார் வயரிங் வேலைகளைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர். எதையும் தொடுவதற்கு முன் நிறையக் கேள்வி கேட்பார்.

"நிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு எப்டி விழுந்துச்சுண்ணா? மெதுவா எறங்குச்சா, டக்குனு விழுந்துச்சா?"

"பாக்கல பாய்."

"சரி, நின்னப்பறம் சாவி போட்டீங்களே, எஞ்சின் படம் போட்ட மஞ்ச லைட்டு எரிஞ்சுதா?"

"தெரியல."

"ரெண்டு தடவையுமா தெரியல? நீங்கதான ஓட்டினீங்க?"

பாஷா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு வேலையில் இறங்கினார். காயில், பெட்ரோல் பம்ப், எர்த் வயர், ஃபியூஸ் எல்லாம் சோதித்தார். எல்லாம் நன்றாக இருந்தன. கடைசியில் இடது பக்க டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு, உள்ளங்கை அகலத்தில் இருந்த ஒரு அலுமினியப் பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"இதான் ஈசிஎம். எஞ்சினுக்கு மூளை மாதிரி. எப்ப பெட்ரோல் விடணும், எப்ப ஸ்பார்க் குடுக்கணும், எல்லாம் இதான் சொல்லும். பழைய வண்டில சூடேறினா சிலது இப்டிச் செத்துடும், ஆறினா பொழச்சுக்கும். ஆனா சந்தேகத்துல மாத்த முடியாது. மெட்ராஸ்லருந்து வரவழைக்கணும். தப்பாப் போனா உங்க வக்கீல் என்னையும் விடமாட்டாரு. அடுத்த தடவ நிக்கும்போது முள்ளையும் லைட்டையும் பாத்துட்டு வாங்க. முள்ளு டக்குனு விழுந்து, சாவி போட்டா மஞ்ச லைட்டும் எரியலன்னா இதான் செத்திருக்கு. வெயில்ல நல்லா ஓட்டுங்க, நிக்கும்."

மூளை என்ற வார்த்தை ஆதிமூலத்தைப் பிடித்துக்கொண்டது. சூடேறினால் செத்து, ஆறினால் பிழைப்பது அந்தப் பெட்டியாக இருக்கலாம். தன் தலைக்குள்ளும் இருக்கலாம். அடுத்த தடவை நிற்கும்போது பாருங்கள் என்கிறார். பார்க்க வேண்டிய ஆளுக்கே அந்த நொடியில் நினைவு இருக்குமா என்பதுதானே கேள்வி.

வீட்டுக்குப் போனபோது ஜோதி அங்கன்வாடியிலிருந்து வந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிள்ளைகளுக்குச் சமைத்துப்போடும் வேலை அவளுக்கு. ஆதிமூலம் எதிரே உட்கார்ந்து, கீரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வரப்பில் விழுந்தது, மைதானம், மாத்திரை, பாரத்தில் போட்ட கையெழுத்து, பஸ்.

ஜோதியின் கை நின்றுவிட்டது.

"பதினெட்டு வருசம்" என்றாள் கடைசியில். "நம்ம பொண்ண வண்டில வச்சிக்கினு வேலூர் போனீங்களே, எத்தினி தடவ? அப்பல்லாம் உங்களுக்கு பயமா இல்லையா?"

"அப்ப இல்ல. வராதுன்னு நம்பிக்கினு இருந்தேன்."

"என்கிட்ட சொல்லியிருந்தா விட்டுட்டா போயிருப்பேன்?"

அவள் எழுந்து உள்ளே போனாள். அழுகிறாள் என்று நினைத்தார். வெளியே வந்தபோது புடவை மாற்றியிருந்தாள்.

"எழுந்திரிங்க. வெயில் இருக்கும்போதே போலாம். நான் பக்கத்துல உக்காந்து உங்க மூஞ்சியப் பாத்துக்கினு வரேன். வண்டி நிக்கும்போது நீங்க முழிச்சிக்கினு இருந்தீங்களா இல்லையான்னு நான் சொல்றேன்."

"வேணாம் ஜோதி. எனக்கு எதாவது ஆச்சின்னா நீயும்..."

"வேற யாரைக் கூட்டிக்கினு போவீங்க? சொல்லுங்க."

வேறு யாரும் இல்லை.

காஞ்சி என்ற கிராமத்துக்குப் போகும் ரோட்டில் கூட்டம் இருக்காது என்று அந்தப் பக்கம் கிளம்பினார்கள். கிளம்புவதற்கு முன் ஆதிமூலம் கைபிரேக்கைக் காட்டினார். "நான் சாஞ்சிட்டா இத மேல இழு. ஒரேயடியா இழுக்காத, கொஞ்சம் கொஞ்சமா. சாவிய இந்தப் பக்கம் ஒரு திருப்பு. வெளிய எடுத்துடாத, ஸ்டியரிங் பூட்டிக்கும்." அவள் இரண்டு முறை செய்து பார்த்தாள்.

"பேசிக்கினே ஓட்டுங்க. பேச்சு நின்னா எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாள் ஜோதி.

என்ன பேசுவது? வேன் ஓட்டிய காலத்தில் ஜனங்களை ஏற்றக் கூவிய ஊர்ப் பெயர்கள் வாயில் வந்தன. "துரிஞ்சாபுரம், போளூர், சந்தவாசல், கண்ணமங்கலம், கணியம்பாடி, வேலூர்." முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஜோதி கதவில் முதுகைச் சாய்த்து, ரோட்டைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நடுநடுவே முள்ளை ஒரு பார்வை பார்த்தாள். எந்த முள் என்று அவர் விரலால் காட்டியிருந்தார்.

முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசியும் போடாமல் ஓட்டினார்கள், பெட்டி சூடேற வேண்டும் என்று. வேர்வை கண்ணில் வழிந்தது. எதிரே வண்டி வந்தால் ஆதிமூலம் மண்ணில் இறக்கி ஒதுங்கினார். பாதி வழி போய்த் திரும்பினார்கள். மறுபடி போனார்கள். ஒரு மணி நேரம் ஆகியும் வண்டி நிற்கவில்லை. நிற்காவிட்டால் என்ன அர்த்தம்? வண்டியில் கோளாறு இல்லை என்று அர்த்தம். நின்றுதொலை, நின்றுதொலை என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டு, வெளியே ஊர்ப் பெயர் சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

"துரிஞ்சாபுரம், போளூர், சந்த..."

எஞ்சின் சத்தம் நின்றது. வண்டி மௌனமாக உருண்டது.

"பிரேக்கு! பிரேக்கப் போடுங்க!" ஜோதி கத்தினாள். அவர் ஏற்கெனவே மிதித்துக்கொண்டிருந்தார். வேப்பமரம் ஒன்றின் பக்கத்தில் வண்டி நின்றது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது.

"நான்..." என்றார் ஆதிமூலம். "நான் எப்டி இருந்தேன்?"

ஜோதி அவர் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டாள். "கண்ணத் தொறந்துக்கினுதான் இருந்தீங்க. நல்லாத் தொறந்துக்கினு இருந்தீங்க. 'சந்த'ன்னீங்க, வண்டி நின்னுச்சி. அதுக்கப்பறம் 'வாசல்'னு நீங்க முடிச்சீங்க. நான் கேட்டேங்க. காதால கேட்டேன்."

"முள்ளு?"

"வண்டி ஓடும்போதே பொத்துனு கீழ விழுந்துச்சி. அப்பதான் நீங்க சாவியத் தொட்டீங்க. நின்னப்பறம்தான் தொட்டீங்க."

ஆதிமூலம் சாவியை அணைத்துப் போட்டார். மஞ்சள் விளக்கு வரவில்லை. இன்னொரு தடவை போட்டார், வரவில்லை. ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். ஜோதி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். இருபது நிமிஷம் கழித்துச் சாவி போட்டபோது விளக்கு எரிந்தது, எஞ்சினும் ஓடியது.

மறுநாள் ஜானி பாஷா கேட்டுவிட்டுத் தலையாட்டினார். ஆனாலும் அவர் சோதிக்காமல் விடவில்லை. பெட்டிக்கு வரும் கரண்டும் எர்த்தும் சரியாக இருப்பதை டெஸ்ட் விளக்கு வைத்துப் பார்த்தார். பிறகு பக்கத்து அழகுநிலையத்திலிருந்து தலைமுடி காயவைக்கும் மிஷினை வாங்கிவந்து, எஞ்சினை ஓடவிட்டு அந்தப் பெட்டி மேல் சூடான காற்றைப் பிடித்தார். ஆறாவது நிமிஷம் எஞ்சின் செத்தது. விசிறியால் காற்றைக் காட்டி ஆறவைத்தார், ஓடியது. மறுபடி சூடு, மறுபடி சாவு. ஆதிமூலம் இரண்டு தடவையும் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தார். தான் ஓட்டாதபோதும் அது சாவதைப் பார்க்கப் பார்க்க, நெஞ்சில் எதுவோ கொஞ்சம் தளர்ந்தது.

பெட்டியின் ஒட்டுச்சீட்டில் இருந்த நம்பரை பாஷா ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டார். கடைசி இரண்டு எழுத்து மாறினாலும் பொருந்தாது என்றார். மெட்ராஸ் புதுப்பேட்டையில் பழைய வண்டிச் சாமான் விற்கும் ஒருவரிடம் போனில் சொன்னார். அதே நம்பரில் விபத்து வண்டியிலிருந்து கழற்றிய பெட்டி ஒன்று ஐந்தாம் நாள் பஸ் பார்சலில் வந்தது. பேட்டரியின் எர்த் வயரைக் கழற்றிப் பத்து நிமிஷம் விட்டார். பழைய பெட்டியின் நாலு போல்ட்டையும் எடுத்து, வயர் கொத்துகளின் பூட்டை அழுத்தி உருவினார். ஊசி மாதிரியான பின்களில் விரல் படாமல் புதிதை மாட்டினார்.

"போடுங்கண்ணா."

முதல் திருப்பில் கிளம்பவில்லை. இரண்டாவது திருப்பில் எஞ்சின் உறுமிக்கொண்டு ஏறியது, முள் இரண்டாயிரத்தில் நின்று ஆடியது. "பயப்படாதீங்க, புதுசா கத்துக்குது" என்றார் பாஷா. கொஞ்ச நேரத்தில் அது இறங்கி அமைதியானது. மறுபடி முடி காயவைக்கும் மிஷினைக் கொண்டுவந்து அரை மணி நேரம் சூடு காட்டினார். நிற்கவில்லை.

பழைய பெட்டியைத் திறந்து பச்சைப் பலகையைக் காட்டினார். பற்றவைத்த ஈயப் பொட்டு ஒன்றைச் சுற்றி முடி இழை மாதிரி ஒரு விரிசல். பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும்.

"இவ்ளோதானா பாய்?"

"இவ்ளோதான். சூட்டுல விரியும், ஆறினா ஒட்டிக்கும். நீங்க என்னா நெனச்சீங்க?"

ஆதிமூலம் அந்த விரிசலை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

வண்டி சரியாகிவிட்டது. வீட்டில் ஜோதி விடவில்லை. "வண்டிக்கு சோதன பண்ணியாச்சி. உங்களுக்கு?" என்றாள். அவருக்குப் போக விருப்பமில்லை. போனால் ஏதாவது சொல்லிவிடுவார்கள், வேலை போய்விடும், அது தெரியாமல் இருப்பதே மேல் என்று வாதாடினார். அவள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள். இரண்டு பேரும் பஸ்ஸில் வேலூர் போனார்கள்.

ஆஸ்பத்திரியில் தலை முழுக்கப் பசை தடவி வயர்களை ஒட்டினார்கள். கண்ணை மூடு, திற, வேகமாக மூச்சு விடு என்றார்கள். காகிதத்தில் கோடுகள் ஓடின. டாக்டர் ஒரு இளம்பெண். அந்தக் கோடுகளை வெகுநேரம் பார்த்தார். "இப்ப ஒண்ணும் தெரியல. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல வரலைன்னா நல்ல விஷயம்தான். ஆனா ராத்தூக்கம் கெடக்கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவ வாங்க. உங்களுக்கு வண்டி குடுக்கறவர்கிட்ட மறைக்காதீங்க" என்று சொல்லி, அதை எழுதியும் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட் கிடைத்தது. ஜோதி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஆதிமூலம் அந்த டிரைவரின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பஸ்ஸில் ஐம்பது பேர் இருந்தார்கள். இந்த ஆளைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்? இறங்கும்வரை அவருடைய வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை, வண்டியை எடுப்பதற்கு முன், வக்கீலிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். சாவியையும் மேஜை மேல் வைத்தார்.

அருணகிரி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "ஆறு வருஷம் எங்கிட்ட மறைச்சிருக்க" என்றார். "எனக்குக் கோவம் வருதுய்யா. சும்மா சொல்லல, நெஜமாவே வருது." பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றார். "வண்டிக்குத்தான் கோளாறுன்னு தெரிஞ்சப்பறம் நீ இதச் சொல்லாமலே இருந்திருக்கலாம். எனக்கு எப்டித் தெரியும்?"

"வூட்டுல சொல்லச் சொன்னாங்க சார்."

வக்கீல் சாவியை எடுத்து அவரிடம் நீட்டினார். "ஒம்பதரைக்கு கோர்ட்டுல இருக்கணும்."

லைசென்ஸ் ஆபீசிலும் அவரே கூடப்போய்க் கடிதத்தைக் கொடுக்கவைத்தார். லைசென்ஸ் கைவிட்டுப் போகவில்லை. ஆதிமூலம் அதற்குப் பிறகும் அவரிடமே இருந்தார். 2009-ல் வக்கீல் வேறு வண்டி வாங்கினார், அதையும் இவர்தான் ஓட்டினார். ஒரு மாட்டுவண்டியைத் தாண்டக்கூட ரோடு கண்ணுக்கெட்டியவரை காலியாக இருக்க வேண்டும் அவருக்கு. பின்னால் வருபவர்கள் ஹார்ன் அடிப்பார்கள். அடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடுவார்.

வருஷத்துக்கு ஒரு தடவை வேலூர் போக வேண்டிய வாரம் வந்தால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது. இந்தத் தடவை கோடு கோணலாக வந்துவிட்டால் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். ஜோதி தயிர்சாதத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, பஸ் ஸ்டாண்டுக்கு அவருக்கு முன்னால் நடப்பாள்.